சம்பந்தி வீட்டுக்குக் கேட்க வேண்டிய ஸ்டீரியோ

தொண்ணூறுகளில் உக்கடத்தில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு மில் முதலாளி வந்தார். வேட்டி, சட்டை, மீசை எல்லாமே வெள்ளை. யாரோ ஓட்டித் தேய்த்த வெளிநாட்டுச் சொகுசு ஜீப்பைப் பழசாக வாங்கியிருந்தார். அதோடு வந்த கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் மாட்டச் சொன்னார்.

மாட்டினேன். ஆனால் நான் கேசட்டைப் போட்டதும் மனிதர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

“உள்ள உக்காந்து கேளுங்க” என்றேன்.

“நமக்குப் பாட்டுன்னாலே தலவலிங்க. இது அன்னூர்ச் சம்பந்திக்குங்க. அவுரு புதுக் காரு எடுத்துப்போட்டாரு. நம்ம வண்டி வீதி மொனைல திரும்பறப்பவே அவுங்க சமையக்கட்டு வரைக்கும் கேக்கோணுங்க.”

அடுத்த வாரம் ஒரு வேலையாக அன்னூர் சாலையில் நின்றிருந்தேன். அந்த ஜீப் தெருவையே அதிரவைத்துக்கொண்டு போனது. உள்ளே டிரைவர் மட்டும்தான் இருந்தார். வெகுதூரம் பின்னால் ஒரு மொபெட்டில், தலையை ஒருபக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி முதலாளி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக் கும்பிட்டார்.

“ஏனுங்க, உங்களுக்கு இன்னுங் கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க.”

முகம் மலர்ந்து கிளம்பினார். பாட்டே ஆகாத அந்த மனிதரைப்போல் அத்தனை கவனமாகப் பாட்டுக் கேட்டவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.