மலர்ச்சாலைக்காரர் எங்கள் படலைக்கு வந்தார்

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலையில் மயிர் இல்லை, வயிற்றில் குறைவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், என் சொந்த வளவுக்குள், கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தி நான் ஒளித்திருக்கிறேன். பொலிசுக்குப் பயந்தல்ல, பாம்புக்குப் பயந்துமல்ல. தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்த ஒரு மனிதருக்குப் பயந்து. அவர் அதற்குத்தான் வந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குக் கோழிகளாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

குற்றத்தில் பாதியை ஒரு பேய்ப்படத்தின் தலையில் போடலாம். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். போன முறை வந்தபோது தொலைக்காட்சியில் எதை எதையோ அமத்தி, உலகத்துப் படமெல்லாம் எங்கள் விறாந்தைக்கு வரும்படி செய்துவிட்டுப் போனாள். அதில் ஒரு படத்தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பாகத்திலும் வேறு ஊர், வேறு வீடு, வேறு பேய். மாறாத ஆள் ஒருவர்தான்: பிரேதம் கழுவிப் பெட்டியில் வைக்கிற மலர்ச்சாலைக்காரர். நெடுத்த ஆள், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. கதவைத் தட்டுவார். கால்மிதியில் சப்பாத்தை அவசரமில்லாமல், ஆறுதலாகத் துடைப்பார். உள்ளே இருப்பவர்களில் ஒருவரைப் பார்த்துச் சுகம் விசாரிப்பார். போய்விடுவார். அவருக்கு வேலை அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் கிணற்றுக்குள் கிடப்பான், அல்லது அலுமாரிக்குள். படம் முடிய எல்லோரும் செத்து முடிந்திருப்பார்கள். அடுத்த பாகத்தில் இவர் மட்டும் அதே சட்டையோடு வந்து நிற்பார். மனிதரா, பேயா, சாவேதானா என்று எந்தப் பாகத்திலும் சொல்லமாட்டார்கள். என்னை இரவில் நித்திரை கொள்ளவிடாதது அதுதான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பாள்.

"உந்தாள் பாவமப்பா. வந்து சுகம் விசாரிக்குது. ஒரு தேத்தண்ணி குடுக்க ஆளில்லை," என்றாள் ஒருநாள்.

"சாவு வந்து வாசல்லை நிக்குது. நீர் தேத்தண்ணி குடுக்கச் சொல்லுறீர்."

"உங்களுக்கு விசர்," என்றாள். இருபத்தைந்து வருடமாக அவள் மாற்றாத கருத்து அது.

எங்கள் பக்கத்து ஊரில் உண்மையாகவே ஒரு மலர்ச்சாலைக்காரர் இருக்கிறார். அவரும் நெடுத்த ஆள். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டித்தான் போடுவார். என் அப்பாவின் செத்தவீட்டையும் அவர்தான் பார்த்தார். அப்பா உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் அவ்வளவு வடிவாகத் தலை வாரி இழுத்ததில்லை. வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் வானில் ஏறிப் போய்விட்டார். அதில் பிழையில்லை. செத்தவீட்டுக்கு வந்தவன் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். எழும்பி, ஒருவரையும் பார்க்காமல் நடையைக் கட்டவேண்டும். நாங்கள் வருடத்தில் சில தடவை அப்படிப் போகிறோம். அவருக்கு அது தொழில் முழுக்கப் பழக்கம்.

இந்த மனிதர் திடீரென்று எங்கள் ஒழுங்கைகளில் நடந்து திரியத் தொடங்கினார். வான் இல்லை. ஊரில் சாவும் இல்லை. கக்கத்தில் ஒரு கறுப்புப் பை. முதலில் முன்வீட்டு மாஸ்டரின் படலையில் நின்று கூப்பிட்டார். மாஸ்டர் வீட்டில் இல்லை. மாஸ்டரின் நாய்தான் வந்து மோந்து பார்த்தது. அடுத்தநாள் அந்த நாய் செத்துப்போனது.

என் நாக்கு சும்மா இருக்குமா? சந்தியில் நான் தண்ணீர்ப் பம்புக்கும் குழாய்க்கும் சாமான் விற்கிறவன். சாமானை விடப் பகிடிதான் கூட விலைப்படும். ஊர் வைபர் குறூப்பில் எழுதினேன்: "எச்சரிக்கை! மலர்ச்சாலைக்காரர் கூப்பிட்டால் படலையைத் திறக்கவேண்டாம். மாஸ்டரின்ரை நாய் போய்ப் பாத்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்." கனடாவிலிருந்தெல்லாம் சிரித்து அனுப்பினார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பகிடி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், எதற்கு வீணாகத் திறக்கவேண்டும் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. அவர் ஒழுங்கைக்குள் இறங்கினால் கொளுக்கி போடும் சத்தம் வீடு வீடாகக் கேட்கும்.

கடைசியில் அவர் எங்கள் படலைக்கு வந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில். நான் தனிய. படலை திறக்கிற சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். வாசலுக்கு வந்து, எங்கள் கால்மிதியில் செருப்பை ஆறுதலாகத் துடைத்தார்.

அந்தத் துடைப்பு போதும். குசினிக் கதவால் ஓடி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தினேன்.

"தம்பி... நிக்கிறியளோ? சுகமா இருக்கிறியளோ?"

சுகமும் விசாரித்துவிட்டார்! பிறகு காலடிச் சத்தம் வளவைச் சுற்றி வந்து, நின்று, திரும்பிப் போனது. போயிட்டு வாறன் என்று அவர் சொல்லவில்லை. நான் நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்த்தேன். இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும்."

"அண்ணை, நான் அவசரமா பாங்குக்குப் போறன்."

"இண்டைக்கு ஞாயிறெல்லோ தம்பி?"

"அதுதான் அண்ணை. சனம் குறைவா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே மோட்டார்சைக்கிளில் பாய்ந்தேன். சந்தியைச் சுற்றிவந்து, கடைக்கு நேரெதிரே இருக்கிற சலூனுக்குள் புகுந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் போனால் நான் வரலாம்.

அவர் போகவில்லை. நான் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடியிருந்தேன். அவர் என் கதிரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். நான் வராமல் அவர் போகமாட்டார். அவர் போகாமல் நான் வரமாட்டேன்.

பம்புக்கு வாசர் வாங்க வந்த ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். என்னைக் காணவில்லை, மலர்ச்சாலைக்காரரைக் கண்டார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் தலை குனிந்து நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. பக்கத்துக் கடைக்காரர் தன் கடைக் கதவைப் பாதி இறக்கினார். என் சாவுக்குச் சந்தியில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது.

சலூன்காரர் கத்திரிக்கோலை நிறுத்தினார். "அண்ணை, நீங்கள் மோசம் போட்டியளாம், செத்தவீடு எப்பவாம் எண்டு ரெண்டு பேர் போன் எடுத்துக் கேக்கினம். என்ன சொல்லுறது?"

"பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்லும்."

அப்போதுதான் மனைவியின் ஸ்கூட்டி வந்து நின்றது. யாரோ அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். தலைமயிர் அவிழ்ந்து, கால்களில் வேறு வேறு செருப்பு. அவளுடைய முகத்தைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அவளுக்கு ஏதோ சொன்னார். அவள் என் கதிரையில் தொப்பென்று இருந்தாள். பிறகு அவர் பையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"பாங்கிலை."

"சலூன் கண்ணாடியிலை உங்கடை மொட்டை மினுங்குது. வாங்கோ இஞ்சை."

போனேன்.

"பாருங்கோ அண்ணை, இவர் உயிரோடைதான் இருக்கிறார்," என்றாள். "இண்டைக்குப் பின்னேரம்வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "கடையைத் திறந்தபடி விட்டிட்டுப் போட்டியள் தம்பி. நான் எப்பிடிப் போறது?" என்றார்.

மேசையில், மூலைக்கு மஞ்சள் பூசிய கலியாணக் கார்ட் இருந்தது. அவருடைய ஒரே மகள். அடுத்த வெள்ளி கலியாணம்.

"பிள்ளையின்ரை தாய் இந்த ஊராள். அவ இப்ப இல்லை," என்றார். "தாய்வழிச் சனம் ஒருத்தருமில்லாமல் பிள்ளை மணவறையிலை இருக்கக்கூடாது எண்டு எனக்கொரு விருப்பம். ஒரு படலையும் திறக்கினமில்லை தங்கச்சி."

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். அதுவும் சோடியாகப் போகவேண்டும். கார்டைப் படலையில் செருகிவிட்டுப் போனால், வராமலிருப்பதோடு அதையே பத்து வருடம் குறை சொல்லித் திரிவார்கள். பெண்சாதி இல்லாத மனிதர், கூட வர ஒருவரும் இல்லாமல், தனிய நடந்திருக்கிறார்.

"அண்ணை, சனம் திறக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு," என்று மனைவி என்னைப் பார்த்தபடி தொடங்கினாள். நான் குழாயை வளைத்துப் பொருத்துகிற முழங்கை ஒன்றை எடுத்து மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் தங்கச்சி. நானும் அந்தக் குறூப்பிலை இருக்கிறன். மனிசி இருக்கேக்கை அவவின்ரை ஆக்கள் என்னையும் சேர்த்துவிட்டவை."

குழாய் முழங்கை என் கையிலிருந்து விழுந்தது.

"வாசிச்சு நானும் சிரிச்சனான்," என்றார். "பிறகு ரெண்டு வீட்டிலை கொளுக்கி போட்டினம். சிரிப்பு நிண்டிட்டுது. தம்பி, அந்த நாய்க்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது, சாகிற வயசு எண்டதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்."

"ஓம் அண்ணை."

"பகிடி விட்ட ஆளே கூட வந்து கூப்பிட்டால் சனம் திறக்கும். அதுக்குத்தான் உங்களைத் தேடி அலையிறன்."

மனைவி எழும்பினாள். "கடையைப் பூட்டுங்கோ. நாங்கள் ரெண்டுபேரும் சோடி. அண்ணையோடை போறம்."

அன்று பின்னேரம் ஊர் ஒரு காட்சியைக் கண்டது. மத்தியானம் செத்துப்போனவன் முன்னால், மலர்ச்சாலைக்காரர் பின்னால், குங்குமச் சிமிழோடு என் மனைவி நடுவில். முதல் படலை மாஸ்டருடையது.

"மாஸ்டர்! திறவுங்கோ! நான்தான்!"

யன்னல் சீலை கொஞ்சம் விலகியது. "ஐயோ முருகா! ரெண்டுபேருமா வந்திட்டியளோ!"

"கலியாணத்துக்குச் சொல்ல வந்தனாங்கள் மாஸ்டர்."

"நீர் மோசம் போட்டீர் எண்டு நான் மலர்வளையத்துக்கெல்லோ சொல்லிப்போட்டன். இனி அதை என்ன செய்யிறது?"

"வையுங்கோ. பழுதாப் போகாட்டில் பிறகு பாப்பம்."

திறந்தார். உள்ளே போய்க் கார்ட் கொடுத்து, குங்குமம் வைத்து, தேத்தண்ணி குடித்தோம். எழும்பியதும் மலர்ச்சாலைக்காரர் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டி நடந்தார். மனைவி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அண்ணை, இது செத்தவீடில்லை. சொல்லிப்போட்டு வாங்கோ."

அவர் திரும்பி நின்றார். தொண்டையைச் செருமினார். முதல்முறையாக மேடை ஏறிய பிள்ளை மாதிரி, "அப்ப... நான் போயிட்டு வாறன் மாஸ்டர்," என்றார்.

மாஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. "ஆறுதலா வாங்கோ," என்றார். "ஒரு அவசரமும் இல்லை."

இருட்டுவதற்குள் எங்கள் ஒழுங்கை முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் மிச்ச ஊர். படலைகள் திறந்தன. சிலர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தார்கள்.

கலியாணம் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்கள் ஊர்ச் சனமே முன்வரிசைகளை நிறைத்துவிட்டது. பெண்ணுக்குத் தாய்வழியில் அறுகரிசி போட்டு வாழ்த்த வரிசை கட்டி நின்றார்கள். மாஸ்டர் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதி. சாப்பாடு, பாயாசம், பிறகு இன்னொருமுறை பாயாசம்.

பிழை புறப்படும்போது நடந்தது. வாசலில் அவர் நின்றார். பட்டு வேட்டி, வெறும் மேலில் சால்வை. அன்றைக்குப் பூட்டுவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. அவரைக் கண்டதும் என் கால்கள் தாங்களாகவே பழகியதைச் செய்தன. தலையைக் குனிந்து, முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைத் தாண்டி றோட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சேருங்கோ. இது செத்தவீடே?"

திரும்பிப் பார்த்தேன். நான் மட்டுமல்ல. மாஸ்டர், சலூன்காரர், பக்கத்துக் கடைக்காரர், எங்கள் ஊரில் பாதி, தலையைக் குனிந்து சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர் கும்பிட எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சடியில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் கூறைச்சேலையோடு மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு நல்ல சாமான் உண்டென்றால் அது குரல்தான். "டேய் சனமே! நில்லுங்கோ! கலியாண வீட்டிலை ஆரடாப்பா சொல்லாமல் போறது?" என்று கத்தினேன். றோட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர்தான் முதலில் திரும்பினார். பிறகு எல்லோரும் திரும்பி, வரிசையாக, அவருடைய கையைப் பிடித்து, "போயிட்டு வாறம்" என்று சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் "ஓம், வாங்கோ... ஓம், வாங்கோ" என்றார். கடைசிக் கொஞ்சப் பேருக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மகள் அவருடைய சால்வைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள்.

கடைசியாக நான் போனேன். "போயிட்டு வாறன் அண்ணை."

அவர் என் கையை விடவில்லை. தலையிலிருந்து கால்வரை, தோளிலிருந்து தோள்வரை, தொழில் பார்க்கிற கண்ணால் ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, அண்டைக்குக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலை குந்தியிருந்தியள்," என்றார். "உங்கடை அளவுக்கு அந்தக் கூடு போதாது."