வதனி வைக்காத போன்

வதனி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவரின் பெயர் தெரியாது. ஆம்புலன்ஸில் வந்தவர், மலாய்க்காரர், இளைஞரின் குரல். வதனியின் போனிலேயே பேசினார். நான் செபராங் ஜெயா ஆபீசில் காலை ஷிஃப்டில் இருந்தேன். அவள் தீவுப் பக்கம், டத்தோ கிராமாட் வீட்டில். நடுவில் கடலும் ஒரு பாலமும். காரியத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு "எப்படி அண்ணே நடந்துச்சு?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அவளுடைய சொந்தக்காரர்கள் பலருக்கு அவள் பார்த்த வேலையே புரிந்ததில்லை. "போன்ல வண்டி ரிப்பேர் பண்றா" என்று அவள் அக்கா சொல்வார். அது உண்மைதான். குளிர்நாடுகளில் பனியின் மேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல் என்ற வண்டி, கிளம்பாமல் அடம்பிடித்தால், அதை வைத்திருப்பவர் அழைக்கிற எண் எங்கள் மேசைக்கு வரும். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்குக் காலை. வியர்வையைத் துடைத்தபடி ஆபீசுக்குள் வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பனியில் நிற்கிறவர்களுக்கு நாங்கள் வழி சொல்வோம். எங்களில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

வதனி சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஒருவருக்கு வண்டி கிளம்பவில்லை. நம் ஊரில் என்ன செய்வோம்? மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முறுக்கிப் பார்ப்போம். அவளும் அதையே சொல்லிவிட்டாள், கொஞ்ச நேரம் ஆற விடுங்கள் என்று. அந்த மனிதர் சிரித்த சிரிப்பு ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. "அம்மணி, அது நேற்றிலிருந்து ஆறிக்கொண்டுதான் இருக்கிறது" என்றாராம். நாங்கள் வாரக்கணக்கில் அவளை ஓட்டினோம். டீ ஆறிப்போனால்கூட "வதனி, உன் வண்டி ரெடி" என்போம்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் அத்தான் மீன் வியாபாரி. அவருடைய குளிர்க்கிடங்குக்குள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் பியூஸ் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் உள்ளேயே நின்று, வெறுங்கையால் ஒரு பியூஸைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தாள். "பேட்டரி செத்துப் போச்சு, அது சரி லா. ஆனா அண்ணே, விரல் என் பேச்சைக் கேக்கவே இல்ல. பியூஸ் கையில இருக்கா, கீழ விழுந்துச்சான்னே தெரியல. இதைத் தெரிஞ்சுக்காமலா நாம இவ்வளவு நாள் அவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்தோம்?" என்றாள். அவள் உடம்பெல்லாம் மீன் வாடை. அன்றிலிருந்து அவள் முதல் கேள்வி மாறிவிட்டது. நாங்களெல்லாம் ஸ்விட்ச், கயிறு, பியூஸ் என்று ஆரம்பிப்போம். அவள் "உங்கள் கை எப்படி இருக்கிறது?" என்று கேட்பாள்.

போன வருடம் வந்த அந்த அழைப்பை எங்கள் மேசையில் யாரும் மறக்கவில்லை. உறைந்த ஏரியின் நடுவில் ஒரு பெரியவர், தனியாக. இருட்டிக்கொண்டு வருகிறது. சாவியைத் திருப்பினால் சத்தமில்லை, விளக்கும் எரியவில்லை. வதனி ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ஜினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் மேல்நோக்கி இருக்கிறதா? இருக்கிறது. ஓட்டுபவர் சட்டையில் மாட்டிக்கொள்கிற பாதுகாப்புக் கயிற்றின் மறுமுனை வண்டியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இருக்கிறது. கையால் இழுத்துக் கிளப்பும் கயிறு? தோள் ஓயும்வரை இழுத்துவிட்டார். மிச்சம் பியூஸ்தான். எரிந்துபோனதைக் கழற்றிவிட்டார். பெட்டி மூடியில் இருந்த மாற்றுப் பியூஸை எடுத்தபோது விரலிலிருந்து நழுவிப் பனிக்குள் விழுந்துவிட்டது.

"தேடாதீங்க, கையை ஜாக்கெட்டுக்குள்ள வைங்க" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். சூப்பர்வைசர் அந்த ஊர் மீட்புப் படைக்குத் தகவல் கொடுத்தார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குமேல் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. அழைப்பு நீண்டுகொண்டே போனது. எங்கள் சூப்பர்வைசருக்குக் கடிகாரம்தான் கடவுள். வந்து நின்று, லைனை விடு என்று ஜாடை காட்டினார். வதனி மைக்கைப் பொத்திக்கொண்டு, "நாம வைக்கக் கூடாது சார். அவங்க வைக்கட்டும்" என்றாள். பெரியவரின் பேச்சு நின்று, காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. அப்போதும் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு லைன் தானாக அறுந்தது.

அவர் பிழைத்தாரா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. கேட்டும் யாரும் சொல்லவில்லை. மழை பிடித்துப் பாலத்தில் வண்டி ஊர்கிற நாட்களில், வேலை முடிந்து என் காரில் வந்துகொண்டிருப்பவள் திடீரென்று "அந்த ஆள் வீட்டுக்குப் போயிருப்பாரா அண்ணே?" என்பாள். "போயிருப்பார்மா" என்பேன். எனக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னதுதான்.

அன்றைக்குக் காலை அவள் போன் வந்தபோது லீவு கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். "அண்ணே, லேட்டாத்தான் வருவேன் லா. கை எழும்ப மாட்டேங்குது." அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அவளுடையதுதான். எந்தக் கை, விரல் அசைகிறதா என்று கேட்டேன். பதில் குழறியது, பக்கவாதம் வந்தவர்களைப் போல. பக்கத்து மேசை ஃபரிடா ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. நம் வீடுகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், கதவுக்கு முன்னால் இரும்பு கிரில், அதற்கு உள்பக்கம் ஒரு பூட்டு. திருடனுக்குப் பயந்து நம்மை நாமே பூட்டிக்கொள்கிறோம். "சாவி எங்கம்மா?" என்றேன். "ஆணியில..." என்றாள். அவள் தரையில் கிடந்தாள். ஆணி சுவரில் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் கிரில்லை உலுக்குவது எனக்குக் கேட்டது. திறந்துவிடுங்கள் அக்கா என்று மலாயில் கத்தினார்கள். யாரோ கம்பி வெட்டும் கருவி கேட்டார்கள். வதனியின் மூச்சும் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். வந்துட்டாங்கம்மா, வாசல்லதான் நிக்கிறாங்க என்றேன். ஏரிக்காரருக்கு அவள் சொன்னதும் இதே மாதிரிதான். ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு வாய் ஒன்றுதானே மிச்சம்.

பூட்டு உடைந்த சத்தம் கேட்டது. நிறையக் காலடிகள். வெகுநேரம் கழித்து அந்த இளைஞர் போனை எடுத்து, யார் பேசுவது என்று கேட்டார். கூட வேலை செய்கிறவன் என்றேன். "தா அடா டா, பாங்" என்றார். இல்லை அண்ணே, போய்விட்டார் என்று அர்த்தம்.

இந்த வருடக் குளிர்காலம் அங்கே தொடங்கிவிட்டது. அழைப்புகள் வருகின்றன. அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் முதலில் கையைப் பற்றிக் கேட்கிறேன். எதிர்முனை வைக்கும்வரை காத்திருக்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டும்தான்.

அன்றைக்கும் அந்த இளைஞர்தான் போனை வைத்தார், வதனி. நான் வைக்கவில்லை.