அவுரி இலையை முதல் பக்கத்துக்கு ஏற்றிய கதை

மற்றத் தொழில்களில் நம்மை ஆட்டிவைப்பவரின் முகமாவது தெரியும். தேடுபொறியில் வெப்சைட்டை முன்னுக்குக் கொண்டுவரும் எங்கள் தொழிலில் அவர் யாரென்றே தெரியாது, ஆனால் அவர் விதியை மாற்றினால் திட்டு மட்டும் நேராக எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிடும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கோவில்பட்டியில், ரயில் நிலையம் போகும் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நானும் ஸ்டெல்லாவும் இந்தத் தொழிலை ஆரம்பித்தோம். ஸ்டெல்லா என்னோடு கல்லூரியில் படித்தவள். ஓட்டப்பிடாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன். இன்டர்நெட் ஓடும்போது யாராவது கூப்பிட்டால் லைன் கிடைக்காது. அதற்கும் திட்டு வாங்குவோம். வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியே பிழைக்கும் சகோதர சகோதரிகளே, நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் சரி, இதில் உங்கள் கதையும் கொஞ்சம் இருக்கும்.

பேரை அடித்தால் வருகிறவர்

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர் சுப்பையா அண்ணாச்சி. அவுரி இலை வியாபாரி. நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் அந்த இலையை வாங்கி, காயவைத்து, சலித்து, மூட்டை போட்டு வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார். வயிற்றைச் சுத்தம் செய்கிற மருந்துக்கு அந்த இலைதான் மூலப்பொருள். அதுவரை ஏஜெண்டுகள் மூலமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். இனி வாங்குகிறவனிடம் நேராகப் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஏற்கெனவே யாரோ அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார்கள். எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்ததுமே தன் கம்பெனிப் பெயரைத் தேடுபொறியில் அடிக்கச் சொன்னார். அவர் பக்கம் முதலாவதாக வந்து நின்றது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் அந்தப் பெயரை அழித்துவிட்டு, அவுரி இலை ஏற்றுமதி என்பதை ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் பக்கத்தில் அவர் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒவ்வொரு பக்கமும் திறக்க ஒரு நிமிடம் ஆகும். பதினோராவது பக்கம்வரை தள்ளிக்கொண்டே போனேன். அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எம்மா, என் பேரு தெரிஞ்சவனுக்கு நானே போன் போட்டுக்கிடுவேன். பேரு தெரியாதவன் தேடுத எடத்துல கொண்டுபோயி என்னைய நிறுத்து."

சரியாக எழுதியதுதான் தப்பு

தேடுபொறியில் எந்தெந்தச் சொல்லை எத்தனை தடவை அடித்துத் தேடுகிறார்கள் என்று பார்க்க ஒரு பட்டியல் உண்டு. இரண்டு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் பிடிபட்டது. வெளிநாட்டு மருந்துக்காரர்கள் அந்த இலையை 'டின்னவெல்லி' என்ற பெயரில்தான் தேடுகிறார்கள். வெள்ளைக்காரன் திருநெல்வேலியை அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினான்; மருந்துப் புத்தகங்களில் அது அப்படியே தங்கிவிட்டது. அண்ணாச்சியின் வெப்சைட்டிலோ திருநெல்வேலி என்று ஒழுங்காக எழுதியிருந்தது. ஒழுங்காக எழுதிய காரணத்தாலேயே யார் கண்ணிலும் படவில்லை.

சொன்னதும் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் போயி எத்தன வருசமாச்சு? அவன் தப்பா எழுதுனத நான் எதுக்குச் சுமக்கணும்?" என்றார். ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "நான் வெள்ளக்காரன எதுத்து நின்ன ஓட்டப்பிடாரத்துக்காரி அண்ணாச்சி. ஒங்களவிட எனக்கு ரோசம் ஜாஸ்தி. ஆனா தேடுதவன் அப்படித்தான தேடுதான்?" அண்ணாச்சி எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். போச்சு என்று நினைத்தோம். கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று ஒரு டீயை வாங்கி முழுதாகக் குடித்துவிட்டுத் திரும்பி ஏறி வந்தார்: "ரெண்டையும் போடுங்கம்மா. ஊரு நம்மது, ஆர்டரு அவனுது."

வெள்ளை மேல் வெள்ளை

இந்த இடத்தில் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதைய தேடுபொறிகள் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதையும் பார்த்துத்தான் பக்கங்களை வரிசைப்படுத்தின. அதனால் எங்கள் தொழிலில் பலபேர் ஒரு வேலை செய்தார்கள். பக்கத்தின் அடியில் அதே சொல்லை நூற்றுக்கணக்கான தடவை எழுதிவிடுவது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக வைத்துவிடுவது. படிக்கிறவருக்கு வெறும் இடமாகத் தெரியும். நாங்களும் செய்தோம். மூன்றே வாரத்தில் அண்ணாச்சி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் மாதிரிச் சரக்கு கேட்டு எழுதினார். அண்ணாச்சி ஒரு பெட்டி கடலைமிட்டாயோடு வந்து எங்களுக்கும் கீழே ஜெராக்ஸ் கடைக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இது சரிதானா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். மிட்டாயைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "மனுசன் கண்ணுக்குத் தெரியாதுட்டி, மெஷினுக்கு மட்டுந்தான் தெரியும். மெஷினு யாருகிட்ட போயிச் சொல்லப்போவுது?"

மார்கழியில் ஒரு காலை

மெஷின் மெஷினிடமே சொல்லிவிட்டது. தேடுபொறி விதியை மாற்றியது. ஒளித்து எழுதியிருக்கும் பக்கங்களை அடையாளம் கண்டு ஒரேயடியாக நீக்கிவிட்டது. மார்கழி மாதம் ஒரு காலையில் வந்து தேடிப் பார்க்கிறேன். அண்ணாச்சியின் வெப்சைட் இரண்டாவது இடத்தில் இல்லை, இருபதாவது பக்கத்திலும் இல்லை. அவருடைய சொந்தப் பெயரை அடித்தால்கூட இல்லை. ஜெர்மனிக்காரர் இன்னும் முடிவு சொல்லாத நேரம். நேரடி வியாபாரம் என்று ஏஜெண்டுகளையும் அண்ணாச்சி பகைத்துக்கொண்டிருந்தார். "சர்வர் ரிப்பேருன்னு சொல்லிருவோம்ட்டி" என்றாள் ஸ்டெல்லா.

அண்ணாச்சி படியேறி வரும்போது மணி பத்து. பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் வெப்சைட்டைத் திறந்து, வெறும் இடமாகத் தெரிந்த பகுதியின் மேல் மௌஸை அழுத்தி இழுத்தேன். ஒளிந்திருந்த எழுத்தெல்லாம் நீலப்பட்டைக்குள் வரிவரியாகத் தெரிந்தது. "இது நாங்க செஞ்சது அண்ணாச்சி. இதுக்காகத்தான் ஒங்களத் தூக்கிட்டாங்க. நாங்களே சரிபண்ணித் தாரோம். ஆனா ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "சரக்குல ஒரு பிடி மண்ணு கலந்ததில்ல நான், எழுத்துல கலந்துட்டியேம்மா. பங்குனி வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள என் பேரை மீட்டுக் குடு."

ஐந்நூறு சிபாரிசு

அன்றைக்கே ஒளித்து வைத்த எழுத்தை எல்லாம் அழித்தோம். தப்பை ஒப்புக்கொண்டு, திரும்பச் சேர்க்கும்படி தேடுபொறிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. மனுஷர் எழுதினதா, தானாக வந்ததா என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் இதே தொழில் செய்யும் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். இனிமேல் ஒரு வெப்சைட்டை எத்தனை வெப்சைட்டுகள் லிங்க் கொடுத்துக் கைகாட்டுகின்றன என்பதுதான் முக்கியமாம். கை காட்டுவதற்கென்றே ஐந்நூறு வெப்சைட் வைத்திருக்கிறாராம், உடனே ஏற்றிவிடுவாராம். கை காட்டுவது சிபாரிசு மாதிரி என்பது உண்மைதான். ஆனால் அண்ணாச்சியை அறியாத ஐந்நூறு பேர் அவரைச் சிபாரிசு செய்தால் அது வெள்ளை எழுத்துக்கு அண்ணன் அல்லவா?

வேண்டாம் என்று போனை வைத்தேன். ஸ்டெல்லாவுக்குத் தாங்கவில்லை. அண்ணாச்சி போனால் மற்றவர்களும் போவார்கள், அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று இரைந்தாள். நானும் இரைந்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினாள்: "சரிட்டி, கஷ்டப்பட்டே தொலைவோம். எப்படிக் கஷ்டப்படணும்னாவது சொல்லு."

வெங்கட்டம்மாக்காவின் களம்

எப்படி என்று எனக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு வந்த பழைய கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிப் படித்தேன். வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் கேட்டிருந்தார்கள். எங்கே விளைகிறது, எத்தனை நாள் காய்கிறது, நனைந்த இலையை என்ன செய்வீர்கள்? எங்கள் வெப்சைட்டில் 'தரமான சரக்கு' என்பதைத் தவிர எதற்கும் பதில் இல்லை. பதிலைத் தேடித் தை மாதம் இரண்டு பேரும் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினோம். அண்ணாச்சிக்கு இலை விளைவித்துக் கொடுக்கும் சம்சாரி வெங்கட்டம்மாக்கா களத்தில் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களை 'அம்மாயி', அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிட்டார். முதல் பறிப்பு முடிந்து இலை நிழலில் பரப்பியிருந்தது. வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும் என்றார். நாளெல்லாம் கிண்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தூறலில் நனைந்த இலை கறுத்துப் போகும். அதை மூலையில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு கைப்பிடி எடுத்து முறித்து, காய்ந்த சத்தம் எப்படி இருக்கும் என்று என் காதுக்குப் பக்கத்தில் கேட்கச் செய்தார்.

நோட்டு நிரம்பிவிட்டது. கிளம்பும்போது, இதையெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் படிக்க எழுதிப் போடப்போகிறேன் என்றேன். அக்கா என் கையிலிருந்த நோட்டை ஒரு தட்டுத் தட்டினார்: "எங்க வீட்டுக்காரவுக நாலு மாசமா காட்டுல கெடக்காவ. நீ நாலு வரியில முடிச்சிராத அம்மாயி, வெலாவாரியா எழுது."

நனைந்த இலை

விலாவாரியாகத்தான் எழுதினோம். மண், விதைப்பு, பறிப்பு, காயவைத்தல், சலித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். நாங்கள் எடுத்த போட்டோக்கள். நனைந்த இலைக்கும் ஒரு பக்கம். அங்கேதான் அண்ணாச்சி முட்டுக்கட்டை போட்டார். "கெட்டுப்போன இலைய நம்மளே காட்டுனா எவன் வருவான்?" என்றார். "அவிய ஏற்கெனவே அதுக்குத்தான் பயப்படுதாவ அண்ணாச்சி. ஒங்களுக்கு வந்த கடிதத்துலயே கேட்டிருக்காவ. ஒதுக்கி வைக்கத நீங்க காட்டுதீங்க, மத்தவன் மறைக்கான்" என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் போன் வந்தது: "போடு. ஆனா இனிமே எந்த எழுத்தும் எனக்குத் தெரியாம ஏறக் கூடாது, பாத்துக்கோ."

பங்குனி

தினமும் காலையில் வந்ததும் தேடிப் பார்ப்போம். மாசி பாதிவரை ஒன்றுமில்லை. ஒரு நாள் அண்ணாச்சியின் பெயரை அடித்தபோது அவர் பக்கம் வந்தது. ஸ்டெல்லா மேஜையில் ஓங்கி அடித்தாள். திரும்பச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். பிறகு டின்னவெல்லி இலைக்கு ஒன்பதாவது பக்கம். அப்புறம் நான்கு. மூலிகை பற்றி எழுதுகிற வெளிநாட்டு வெப்சைட் ஒன்று, நாங்கள் கேட்காமலே, இலை காயவைப்பது பற்றிய எங்கள் பக்கத்தைக் கைகாட்டியிருந்தது. பங்குனி முதல் வாரத்தில் முதல் பக்கத்துக்கு வந்தோம். அதே வாரம் ஜெர்மனிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நனைந்த இலையைப் பற்றிய பக்கத்தை அவருடைய பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களும் படித்தார்களாம். நேரில் வந்து களத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

அண்ணாச்சி வந்து திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். மேலேயிருந்து விரல் வைத்து எண்ணினார். மூன்றாவதாக அவர் பக்கம். நாங்கள் இருவரும் பாராட்டுக்காகக் காத்து நின்றோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்: "மூணாவதா? சரி, மேல உக்காந்திருக்க ரெண்டு பேரு யாரு, அதச் சொல்லுங்க மொதல்ல."

அதற்கப்புறம் எத்தனையோ தடவை விதி மாறி எத்தனையோ தடவை நாங்கள் கீழே விழுந்தாகிவிட்டது. ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் மோசமான தொழில் இல்லை.