பவுடர் பூசிய எஞ்சின்

பேப்பர்காரரிடம் இருந்தது ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. அவர் வருவதற்கு முன்னால் அதன் புகை வந்து கதவைத் தட்டும் என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசுவார்கள். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து தன் கையாலேயே டேங்கில் ஊற்றுவார். அதில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். வண்டி நிற்பது வீட்டின் முன்னறையில். அதே அறையின் மறுகோடியில் அவர் மனைவி கரிப் பெட்டியால் ஊரார் துணிகளுக்கு இஸ்திரி போடுவார்.

கொஞ்ச நாளாக வண்டிக்கு அடியில் ஒரு கறை. தொட்டால் பிசுபிசுத்தது. நெருப்புப் புழங்குகிற இடமாயிற்றே என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அது கியர் பெட்டி ஆயில், லேசில் தீப்பிடிக்காது என்று பேப்பர்காரர் அவர் வாயை அடைத்துவிட்டார். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றியும் கறை நின்றபாடில்லை.

ஒரு மத்தியானம் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். எஞ்சினைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முகப் பவுடரை அதன்மேல் தூவினார். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே பவுடர் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"எனக்கு ஒரு நாள் பூசிவிட்டிருப்பீங்களா? அவளுக்கு மட்டும் அலங்காரம்" என்று சொல்லிக்கொண்டே மனைவி கரி மூட்டக் கொல்லைக்குப் போனார்.

பேப்பர்காரர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் தலையை நீட்டி மல்லாந்து படுத்தார். கியர் பெட்டியின் மேல் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு மேலே, கார்புரேட்டரின் அடிக்குழாயில் ஒரு சொட்டு திரண்டு, எஞ்சின் வழியே கோடு கிழித்து இறங்கி, கியர் பெட்டிக்கு அடியில் வந்து தொங்கியது. தொட்டார். விரல் சில்லிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் காய்ந்து, பிசுக்கு மட்டும் விரலில் தங்கியது.

ஆயில் காயாது. ஒழுகியது பெட்ரோல். அது ஆவியாகிப் போக, கலந்து ஊற்றிய ஆயில்தான் தரையில் மிஞ்சியிருக்கிறது. ஆவியாகிப் போனதெல்லாம் எங்கே போயிருக்கும்? சாத்திய ஜன்னல்களைப் பார்த்தார்.

கொல்லைப் பக்கம் காலடி கேட்டது. மனைவி கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியின் துளைகளில் கரி சிவந்து தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை, முகத்துக்கு மேலே எஞ்சின். படுத்தபடியே குரல் கொடுத்தார்:

"அங்கேயே நில்லு."

"ஏன், அலங்காரம் இன்னும் முடியலையா?" ஒரு கால் நிலைப்படியில் இருந்தது.

"பெட்ரோல்."

மனைவி நிறைகுடத்தைத் தூக்குகிறவர் போல அசையாமல் பெட்டியோடு திரும்பி நடந்தார். வெறுங்கையோடு ஓடி வந்து வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். பேப்பர்காரர் அதற்குள் அடியிலிருந்து நகர்ந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். பெட்ரோல் டேப்பை மூடியும் சொட்டுவது ஓயவில்லை. தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

மனைவி சொன்னார்: "ஆயில்தான்னு நீங்க சொன்னீங்க. நான் தினமும் பக்கத்துல நின்னு தேய்ச்சேன்."

பேப்பர்காரர் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்து வந்தார்.

கார்புரேட்டரைத் திறந்தபோது உள்ளே, பெட்ரோல் நிறைந்ததும் மேலெழும்பி வழியை அடைக்க வேண்டிய மிதவை ஓட்டையாகி மூழ்கிக் கிடந்தது. அதனால்தான் பெட்ரோல் நிற்காமல் வழிந்திருக்கிறது. அதையும் டேப்பின் வாஷரையும் மாற்றினார். மறுபடி பவுடர் தூவி, மறுநாள்வரை தெருவிலேயே விட்டு வைத்தார். துளிக்கூடக் கறுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மனைவி குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இஸ்திரி மேசையின் ஒரு முனையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் இழுக்கத் தொடங்கினார். பேப்பர்காரர் மறுமுனையைத் தூக்கினார்.