மூடினால் தெரியும் படம்

மாமல்லபுரத்தில் நான் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தபோது போர்டு எழுத ஓர் ஓவியர் வந்தார். சென்னையில் ஓவியக் கண்காட்சி வைக்கிறவர், இங்கே கடைப் போர்டும் எழுதுவார். பெயிண்டர் என்றே நம்ப முடியாத வெள்ளைச் சட்டை, ஒரு சொட்டுக் கறை இருக்காது. நாலு கோடு இழுத்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓடி, நின்று பார்ப்பார். பஸ்காரர்கள் திட்டுவார்கள்.

போர்டு முடிந்ததும், நான் கேட்காமலேயே ஷட்டரை இறக்கி அதில் படகு நிழலில் தூங்கும் ஒரு நாயை வரைந்தார்.

கடை ஓடுமா என்ற பயத்தில் இருந்த எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னா அண்ணாத்த, கடைய தொறந்தா ஷட்டரோட படமும் மேல சுருண்டுக்கும். யாரு பாப்பாங்க?"

"போர்டு உனுக்கு, இது எனுக்கு. படம் தெரியலன்னா யாவாரம் நடந்துகினு கீதுன்னு அர்த்தம். நல்லதுதானே?"

வியாபாரம் நன்றாகவே நடந்தது. பகலில் கடையை மூடவே இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது இருட்டில் நாய் சரியாகத் தெரியாது.

இப்போது செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விடுகிறேன். காரணம் கேட்டால் உடம்புக்கு ஓய்வு என்கிறேன். காலையில் டீ கிளாஸோடு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்பேன்.

பஸ்காரர்கள் இப்போது என்னைத் திட்டுகிறார்கள்.