முறிந்த ஸ்டட்டும் என் வாயும்

திண்டிவனத்தில் என் வாடகைக் காரை நானே ஓட்டுகிறேன். ஒரு நாள் இன்ஜினில் புகை கசிந்தது. சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் நட்டை, ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி முறுக்கினேன். நட்டு ஏறி உட்காரும் மரைக் கம்பியான ஸ்டட் முறிந்து, அதில் பாதி இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

இரண்டு நாளில் கல்யாண சவாரி. ஆத்திரத்தோடு, போன மாதம் அந்த ஸ்டட்டை மாட்டிய மெக்கானிக் ஏழுமலையிடம் போனேன்.

"மட்டமான ஸ்டட்டு போட்டு என்னை பேஜாருல உட்டுட்டியே. சவாரிக்கு நீயா பதில் சொல்லுவ?" என்று அவருடைய வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன். நான் முறுக்கியதைச் சொல்லவில்லை.

அவர் ஹெட்டைக் கழற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். பட்டறை நடத்தும் அம்மா, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். ஆறவிட்டு, ஸ்பேனரால் மெல்லத் திருப்பினார். துண்டு முழுசாக வெளியே வந்தது.

"ஸ்டட்டு நல்லாத்தான் இருக்குது. அளவு தெரியாம முறுக்கிக்கினே போயிருக்காங்க. யாரு பண்ண வேலை இது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நான்தாங்க" என்றார் ஏழுமலை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ ஏன்யா பொய் சொல்ற? நான்தான் முறுக்கினேன்" என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

"தெரியும். நட்டு மூலையெல்லாம் மழுங்கிக் கிடந்துச்சு. சண்டை போட்டுக்கினு இருந்தா உங்க வண்டி எப்பங்க ஓடும்?" என்றார் ஏழுமலை.

சவாரிக்கு வண்டி ஓடியது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். "சரி, உடுங்க" என்றார்.

அவர் விட்டுவிட்டார். உண்மையைச் சொல்லும்போதுகூட அவரைத் திட்டித்தான் சொன்னேன் என்பதை நினைத்தால், என் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.