பரு அக்கா துடைத்த கன்னம்

இந்த ஊரில் பாதிப் பேர் முகத்தில் ஒரு பரு கூட இல்லாமல் சுவரில் தொங்குகிறார்கள் என்றால், அதற்குப் பரு அக்காதான் பொறுப்பு. ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் பரு, மரு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் கணினியில் துடைத்து வருகிறார். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

நாற்பத்தாறு வயது பிறந்த வாரத்தில் அவருக்குப் பயமும் பிறந்தது. அவருடைய அப்பாவுக்கு அந்த வயதில்தான் கண் போக ஆரம்பித்தது. ஒரேயடியாக இருட்டிவிடவில்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மங்கும், ஓரமெல்லாம் பளிச்சென்று இருக்கும். எதிரில் நிற்பவரின் செருப்பு என்ன நிறம் என்று சொல்வார், முகம் யாருடையது என்று கேட்பார்.

அந்த வாரம் பார்த்து ஒரு துணிக்கடையின் விளம்பரப் பலகை வேலை வந்தது. முப்பதடி உயரத்தில் ஒரு பெண்ணின் முகம். கன்னத்தில் மூன்று பரு. கணினியின் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, பக்கத்துத் தோலை மாதிரிக்குக் காட்டி, பருவின் மேல் தேய்த்தார். பரு போனது. கூடவே தோலும் போனது. சுற்றிலும் நுண்துளைகளை எண்ணிவிடலாம், துடைத்த இடம் மட்டும் மெழுகு பூசியது போல மங்கல்.

முதல் நாள் திரையைத் துடைத்தார். இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். படத்தை நூறு சதவீத அளவில் வைத்துப் பார்த்தார், மங்கல் போகவில்லை. எங்கேயாவது மங்கலாக்கும் ஃபில்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒவ்வொன்றாக மூடித் திறந்தார். இல்லை. புகைப்படக்காரர் அனுப்பிய மூலப்படத்தைத் திறந்தார். அது ஊசி முனை போலத் துல்லியம்.

மிச்சமிருப்பது தன் கண்தான் என்று முடிவு கட்டினார். அப்படியானால் துடைக்காத கன்னம் எப்படித் தெளிவாகத் தெரிகிறது என்று யாரும் கேட்கலாம். பயத்திடம் போய் இப்படியெல்லாம் கேள்வி கேட்டவர்கள் உண்டா? அது கேள்வியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது" என்று மட்டும் சொல்லும்.

வேறு ஒருவரிடம் காட்டினால் ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அவருக்கும் மங்கலாகத் தெரிந்தால் தப்பு படத்தில். தெரியாவிட்டால் தப்பு கண்ணில். ஆனால் ஸ்டூடியோவில் யாரிடம் கேட்பது? படத்தைத் திருத்தும் ரீடச்சருக்கே கண் சரியில்லை என்றால் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? முதலாளியோ கதவில் தலையை நீட்டி, "என்னம்மா, மூணு பருவுக்கு மூணு நாளா? பேசாம அந்தப் பொண்ணையே தோல் டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கலாம் போல" என்று சிரித்துவிட்டுப் போனார். அக்காவும் சிரித்தார்.

சாயங்காலம் கன்னத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் கையில் கொடுத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பார்த்துட்டுச் சொல்லுங்க."

"பார்த்துட்டுதான் சொல்றேன். நல்லா இருக்கு."

இந்த மனிதர் கருகிப்போன சாப்பாட்டையும் இதே வாயால்தான் நல்லா இருக்கு என்றவர். இவர் சொல் செல்லாது.

மறுநாள் வந்தாள் நாத்தனார். புது வீட்டுக்குப் போனால் சுவர் கோணல் என்பாள், குழந்தையைப் பார்த்தால் காது பெரிசு என்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வருகையில் அக்காவின் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் அச்சை நீட்டினார்.

நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம். இவளுக்கே குறை தெரியவில்லை என்றால் கதை முடிந்தது.

"நல்ல கலரு அண்ணி" என்றாள்.

அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"ஆனா இது என்ன, இங்க மட்டும் வெண்ணெயத் தடவி விட்ட மாதிரி? இதுக்குத்தான் உங்களை அங்க உட்கார வச்சிருக்காங்களா? நான் கண்ணை மூடிக்கிட்டு இதைவிட நல்லா செய்வேன்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். இருபது வருட உறவில் நாத்தனார் குறை சொல்ல மறந்தது அன்றுதான். "அண்ணாவுக்கு ஃபோன் போடவா?" என்று மெல்லக் கேட்டாள்.

மறுநாள் காலை பயமில்லாமல் உட்கார்ந்தபோதுதான் அக்கா தன் இடது கையைப் பார்த்தார். பிரஷ்ஷைச் சிறிதாக்க அடைப்புக்குறி விசையைத் தட்டுவது அவர் வழக்கம். கொஞ்ச நாளாக, கண்ணைச் சோதிக்கத் திரையோடு ஒட்டிக் குனிகையில், உடம்பின் பாரம் அந்தக் கையில் இறங்கிக் கட்டைவிரல் பக்கத்து ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் பிரஷ் சிறுக்காது, அதன் விளிம்புதான் மென்மையாகும். சிறுக்கவில்லையே என்று இன்னும் நாலு தட்டு தட்டியிருக்கிறார். மேல்பட்டையில், விளிம்பின் கூர்மையைச் சொல்லும் ஹார்ட்னஸ் என்ற இடத்தில் பூஜ்ஜியம். அவ்வளவு மென்மையான விளிம்பு போகிற இடமெல்லாம் துளைகளைக் குழைத்து மெழுகாக்கியிருக்கிறது. ஹார்ட்னஸை எண்பதுக்கு ஏற்றிக் கன்னத்தை மறுபடி செய்தார். துளை துளையாகத் தோல் வந்தது. மதியத்துக்குள் வேலை முதலாளியிடம் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கண் டாக்டரிடம் போகும் தைரியம் வந்தது. அப்பாவின் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சொட்டு மருந்து விட்டு, "அரை மணி நேரம் எல்லாம் மங்கலாத்தான் தெரியும், பயப்படாதீங்க. அப்புறம் உள்ளே கூப்பிடுறேன்" என்றார்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் முள் கரைந்துகொண்டிருந்தது. துணைக்கு வந்த நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, கடந்துபோன நர்ஸின் நடை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"நாலு."